காதுக்குப் பின்னால் ஓர் எண்

எங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும் என்று யாராவது வழி கேட்டால், வழியைச் சொல்லிவிட்டு, மணி அடிப்பதற்குள் வெளியே வந்துவிடுங்கள் என்றும் சேர்த்துச் சொல்லி அனுப்புவோம். வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். அதற்கும் எங்களிடம் பதில் இருக்கிறது, ஆனால் தெருவில் நின்று சொல்ல மாட்டோம்.

ஒரு காலத்தில் அது பாவம், சாதுவான இடமாகத்தான் இருந்தது. பழைய தானியக் கிடங்கு. உள்ளே ஒரு பெரிய இரும்புத் தராசு, விரிசல் விட்ட வெண்கல மணி, பூட்டில்லாத சாவி ஒன்று, யாரென்றே தெரியாத ஒருவரின் ஆளுயரப் படம். படத்திலிருப்பவருக்கு மீசை மட்டும் நன்றாக இருக்கும். வெயிலுக்கு ஒதுங்க வருபவர்கள் அதைப் பார்த்து, 'யாரோ பெரிய மனுஷர் போல' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காப்பாட்சியர் மூலையில் உட்கார்ந்து தூங்கி வழிவார். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

அப்புறம்தான் மேம்பாடு வந்தது. தலைமையகத்திலிருந்து மேம்பாட்டு அதிகாரி என்று ஒருவரை அனுப்பினார்கள். எப்போதும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் தலை படிந்திருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். தராசுக்கு முன்னால் எங்களை நிற்கவைத்துப் பேசினார்.

"ஒரு அருங்காட்சியகம் நல்லா நடக்குதான்னு எதை வெச்சுச் சொல்றது? எத்தனை பேர் வந்தாங்கங்கறதை வெச்சா? வந்தவங்க போயிடுவாங்க. போறவங்களை நம்பி ஒரு நிர்வாகத்தை நடத்த முடியாது. எத்தனை பொருளுக்கு எண் போட்டிருக்கோம், அதுதான் கணக்கு. உங்க ஊருக்கு வரலாறு கம்மின்னு தலைமையகத்துல சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். வரலாறு நிறைய இருக்கு. எண் போடாம விட்டிருக்கீங்க, அவ்வளவுதான்."

ஊருக்காகப் பரிந்து பேசுகிறாரே என்று நாங்கள் கை தட்டினோம்.

எண் போடுவதற்கென்றே ஓர் அம்மாள் வந்து சேர்ந்தார். பொருளில் சட்டென்று கண்ணில் படாத, ஆனால் தேடினால் கிடைக்கிற இடமாகப் பார்த்து, முதலில் ஒரு பூச்சு வார்னிஷ் தடவுவார். அது காய்ந்ததும் ஊசிபோன்ற தூரிகையால் கறுப்பு மையில் எண் எழுதுவார். அதன் மேல் மறுபடியும் வார்னிஷ். தண்ணீர் பட்டாலும் போகாது, தேய்த்தாலும் போகாது. எண் விழுந்த பொருள் சுவரைத் தாண்டக் கூடாது, யாரும் அதைப் புழங்கக் கூடாது. கூடவே ஒரு விதி: மூடும் மணி அடித்த பிறகு சுவருக்குள் எது இருந்தாலும், வேறொருவருடையது என்று நிரூபணம் இல்லாவிட்டால் அது அருங்காட்சியகத்துடையது. அலமாரிக்குள் அநாதையாகக் கிடக்கும் சாமான்களுக்காகப் போட்ட விதி அது. சொல்லப்போனால் நியாயமான விதிதான்.

முதலில் யாரோ மறந்துவிட்டுப் போன குடைக்கு எண் விழுந்தது. அப்புறம் துடைப்பத்துக்கு. அப்புறம் அலுவலக நாற்காலிகளுக்கு. ஒருநாள் காப்பாட்சியர் தன் மூக்குக்கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அன்றிலிருந்து அவர் எதையாவது படிக்க வேண்டுமென்றால், கடிதத்தைப் பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, இந்தப் பக்கம் குனிந்து, பெட்டிக்குள் இருக்கும் தன் மூக்குக்கண்ணாடி வழியாகப் படிப்பார். கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். "பொருள் பத்திரமா இருக்கு, அது போதும்" என்றார். அப்போது நான் சிரித்தேன். அதுதான் அந்தக் கட்டடத்தைப் பற்றி நான் கடைசியாகச் சிரித்தது.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எனக்குப் பக்கத்து வீட்டில் குழாய்க்காரர் இருக்கிறார். குழாய் வேலை செய்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், ஆனால் இவருக்கு ஒரு வியாதி உண்டு. வேலை முடித்த இணைப்பில் துளி ஈரம் இருந்தாலும் அவரால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. துணியால் துடைப்பார், காத்திருப்பார், விரலால் தடவிப் பார்ப்பார், மறுபடி துடைப்பார். ஒருமுறை எங்கள் வீட்டில் குழாய் மாட்டிவிட்டுப் போனவர், சாப்பாட்டு நேரத்தில் திரும்பி வந்து, "சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு வாத்தியாரே" என்று சமையலறைக்குள் நுழைந்தார். அவர் மனைவி வேலி ஓரம் நின்று என் மனைவியிடம் சொல்வார்: "ஊர்ல இருக்கிற குழாயில ஒண்ணைப் பார்த்துக் கட்டிக்கிட்டிருக்கலாம். என்னை எதுக்குக் கட்டினாருன்னே தெரியலை."

அருங்காட்சியகத்தின் மூன்றாவது அறையில் மேல்தொட்டிக் குழாய் ஒழுகித் தராசின் மேல் சொட்டுகிறது என்று அவரைக் கூப்பிட்டார்கள். மதியம் போனார். அந்த அறையில் ஒரு மர ஏணி நின்றது. அதன் மேல்படியில், கையில் மின்விளக்கைப் பிடித்தபடி ஒரு மெழுகு பொம்மை. நன்றாகச் செய்திருக்கிறார்கள், காது மடல்கூட நிஜம் போலவே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கினார். வாஷரை மாற்றினார். ஒழுகல் நின்றது. ஆனால் இணைப்பில் லேசாக ஈரம் இருந்தது. துடைத்தார், காத்திருந்தார்.

மணி அடித்தது. வாசலிலிருந்து காப்பாட்சியர் குரல் கொடுத்தார்.

"மூடணும்பா. கிளம்பு."

"இதோ வந்துட்டேன் சார். ஈரம் மட்டும் நிக்கட்டும்."

அப்போது ஏணி மேலிருந்த பொம்மை, உதடு அசையாமல் பேசியது. "அண்ணே, ஈரம் கிடக்கட்டும். ஓடிடுங்க."

குழாய்க்காரர் நிமிர்ந்து உற்றுப் பார்த்தார். ஏணியில் நிற்பது எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன். விளக்கு மாட்டப் போனவர் வீடு திரும்பவில்லை என்றதும், வெளியூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று ஊரில் நாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். அப்படி நினைத்துக்கொள்வது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. குழாய்க்காரர் பையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடுவதற்குள் கதவு வெளியே பூட்டப்பட்டுவிட்டது. தட்டினார், கத்தினார். "கத்தாதீங்க அண்ணே" என்றார் எலக்ட்ரீஷியன். "நானும் கத்தினேன். 'குரல் நல்ல நிலையில் உள்ளது'ன்னு என் பலகையில சேர்த்து எழுதிட்டாங்க."

காலையில் எண் எழுதும் அம்மாள் தூரிகையோடு வந்தார். மிகவும் அன்பானவர்.

"தம்பி, கொஞ்சம் தலையைச் சாய்ச்சுக்குங்க. சில்லுன்னு இருக்கும்."

"எனக்கு எதுக்கும்மா? நான் குழாய் ரிப்பேர் பண்ண வந்தவன்."

"எல்லாரும் ஏதாவது ஒண்ணுக்கு வந்தவங்கதான். அசையாதீங்க, எழுத்து கோணிடும். கோணினா சுரண்டிட்டுத் திரும்ப எழுதணும், உங்களுக்குத்தான் வலிக்கும்."

அவர் அசையவில்லை. ஏன் பிடித்துத் தள்ளிவிட்டு ஓடவில்லை என்று பிற்பாடு நான் கேட்டேன். "வார்னிஷ் காயுற வரைக்கும் ஆடக்கூடாதுன்னு அந்தம்மா சொன்னாங்க வாத்தியாரே. வேலையில அவங்களும் என்னை மாதிரிதான். பாதியில கெடுக்க மனசு வரலை" என்றார். சொல்லும்போதே அவர் கை காதுக்குப் பின்னால் போயிற்று. வேலையை மதிக்கிற ஆளை எவ்வளவு சுலபமாகப் பிடித்துவிடுகிறார்கள்.

தராசுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி, 'குழாய் பழுது பார்ப்பவர். பையுடன்' என்று பலகை வைத்தார்கள். அவரைப் பார்க்க ஊரே வந்தது. அவருடைய அக்கா மகன் பெருமையாகத் தன் நண்பர்களிடம் "எங்க மாமா" என்று காட்டினான். நேரத்துக்குச் சாப்பாடு போட்டார்கள், வாராவாரம் தூசி தட்டினார்கள். நாங்கள் ஆறுதல் சொல்லிவிட்டு, மணி அடிப்பதற்கு வெகுமுன்னாலேயே ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வெளியே வந்தோம்.

அவர் மனைவி மட்டும் வாசலைவிட்டு நகரவில்லை. துணைக்கு என்னை அழைத்துக்கொண்டு காப்பாட்சியரிடம் போனார்.

"என் வீட்டுக்காரரை விடுங்க."

"நாங்க எதையும் பிடிச்சு வெச்சுக்கலைம்மா. அதுவா வந்து சேர்ந்துச்சு. அது உங்களுடையதுன்னு நிரூபணம் இருக்கா?"

"கல்யாணம் பண்ணிக்கிட்டேனே."

"அது நீங்க அவருக்குச் சொந்தம்னும் எடுத்துக்கலாம் இல்லையா? அதெல்லாம், பட்டியல்லேருந்து பொருளை எடுக்கிற நீக்கக் குழுதான் முடிவு பண்ணணும்."

"குழு எப்போ கூடும்?"

காப்பாட்சியர் வருத்தத்துடன் சொன்னார். "குழு உட்கார வேண்டிய நாற்காலிக்கெல்லாம் எண் போட்டாச்சு. யாரும் உட்காரக் கூடாது. நின்னுக்கிட்டுப் பேசினா அது கூட்டம் ஆகாதுன்னு சட்டத்துல இருக்கு."

குழாய்க்காரர் மனைவி அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, வேறொன்று கேட்டார். "இங்கிருந்து இதுவரைக்கும் எதுவுமே வெளியே போனதில்லையா சார்?"

"ஒண்ணே ஒண்ணு. ஒரு வாள். ரொம்பப் பழசுன்னு நினைச்சோம். நாடகத்துக்குச் செஞ்ச தகர வாள்னு தெரிஞ்சுச்சு. அடுத்த நிமிஷமே பின்வாசல் வழியா குப்பையில வீசிட்டோம். போலி ஒரு நொடிகூட இங்கே இருக்கக் கூடாது. மத்த பொருளுக்கெல்லாம் அவமானம்."

"அப்போ நல்லாக் கேட்டுக்குங்க" என்றார் அவர். "அங்கே நிக்கிறது போலி. அவர் குழாய்க்காரரே இல்லை. எங்க வீட்டுக் குழாயைக் கேட்டா சொல்லும்."

காப்பாட்சியர் முகம் வெளிறிவிட்டது. போலி என்று புகார் வந்தால் தலைமையகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். மேம்பாட்டு அதிகாரியே சோதனை நடத்த வருவதாகத் தகவல் வந்தது. ஒழுகும் குழாய் ஒன்றை நடுக் கூடத்தில் வைப்பார்கள். பார்வையாளர் முன்னிலையில் சரி செய்ய வேண்டும். சரி செய்தால் அசல், காலத்துக்கும் அங்கேயே இருக்கலாம். ஒழுகினால் போலி.

சோதனைக்கு முதல்நாள் பார்வையாளர் நேரத்தில் நானும் குழாய்க்காரர் மனைவியும் போனோம். தராசைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டு அவர் புருஷனிடம் பேசினார்.

"நாளைக்கு ஒழுக விட்டுடுங்க."

"எப்படிம்மா? கை கேக்காதே."

"கையை நான் கேக்கலை, உங்களைக் கேக்கறேன்."

"ஊர் முழுக்கப் பார்க்கும். அப்புறம் யார் என்னை வேலைக்குக் கூப்பிடுவாங்க? போலின்னு எழுதி வாசல்ல ஒட்டிடுவாங்க. வேறென்ன தெரியும் எனக்கு?"

அப்போது எண் எழுதும் அம்மாள் அளவு நாடாவோடு வந்து, அவருடைய தோள் அகலத்தையும் உயரத்தையும் மறுபடி சரிபார்த்தார். "உங்க கண்ணாடிப் பெட்டி தயாராயிடுச்சு தம்பி. தூசிக்குப் பயம் இல்லை. மூச்சுக்கு மேலே ஓட்டை வெச்சிருக்கோம். அந்தச் செலவு வேண்டாம்னு சொன்னாங்க, நான்தான் சண்டை போட்டு வாங்கினேன்" என்றார். ஏணி மேலிருந்த எலக்ட்ரீஷியன் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் ஊர் கூடியது. எல்லோரும் வாசல் பக்கமாகவே நெருக்கியடித்து நின்றோம். அதிகாரி வந்து பேசினார். "அசல் எதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் எங்க கடமை. அசல்னு தெரிஞ்சா விடவே மாட்டோம். ஒரு ஊர் தன்கிட்டே இருக்கிற நல்லதையெல்லாம் எங்ககிட்டே ஒப்படைச்சுட்டு நிம்மதியா இருக்கணும். அதுக்காகத்தான் நாங்க உழைக்கிறோம்."

குழாய்க்காரர் மண்டியிட்டு உட்கார்ந்தார். சொட்டு ஒன்று விழுந்தது. அவர் கை தானாகவே குறடை எடுத்தது. நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை வேறு, முகம் வேறாக இருந்தது. முகம் வேண்டாம் வேண்டாம் என்றது, கை பாட்டுக்குக் கழற்றித் துடைத்து வாஷரை மாற்றியது. சொட்டுவது நின்றேவிட்டது. அதிகாரி பேனாவின் மூடியைத் திறந்தார்.

கூட்டத்தில் நின்ற குழாய்க்காரர் மனைவி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார். குழாய்க்காரர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "முடியலை சார், இன்னும் டேப் சுத்தணும்" என்று இணைப்பை மறுபடி கழற்றி, குழாயின் திருகுப் புரியின் மேல் வெள்ளை டேப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். திருகத் திருக அது பிரிந்து வந்துவிடும். முதல்நாள் வேலைக்கு வந்த பையன்கூடச் செய்யாத தப்பு. ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் கன்னம் துடித்தது. கடைசியில் முடுக்கிவிட்டு வால்வைத் திறந்தார். தண்ணீர் பீறிட்டு அதிகாரியின் படிந்த தலைமேல் அடித்தது.

அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "சுத்தப் போலி" என்று மெல்லச் சொன்னார். "இவ்வளவு நாள் நாம இதுக்குத் தூசி தட்டியிருக்கோம்."

காதுக்குப் பின்னாலிருந்த எண்ணின் மேல் சிவப்பில் ஒரு கோடு இழுத்து, பின்வாசல் வழியாகக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் அவரைத் தள்ளினார்கள். பையைத் தரவில்லை. பை அசல்.

இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். அடுத்த மாதமே மேம்பாட்டின் இரண்டாம் கட்டத்தை அறிவித்தார்கள். திறந்தவெளி அருங்காட்சியகம். அதிகாரி எங்கள் தெருமுனையில் மேசைமேல் ஏறி நின்று விளக்கினார். "சுவருக்குள்ள இருக்கிறது எங்களுதுன்னு விதி இருக்கு. ஆனா சுவர் எங்கே இருக்கணும்னு விதி எதுவும் இல்லை. நீங்க எங்கேயும் வர வேண்டாம். நாங்களே வந்துடறோம்."

மறுநாள் ஊர் எல்லையில் செங்கல் வந்து இறங்கியது.

அதற்குப் பிறகு எங்கள் ஊர்க்காரர்கள், தாங்கள் போலி என்ற சான்றுக்கு வரிசையில் நின்றார்கள். தையல்காரர் சட்டைக்கு மூன்று கை வைத்துத் தைத்துக் காட்டித் தப்பினார். டாக்டர் கால் முறிந்தவருக்கு இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார். ரொட்டிக் கடைக்காரர் அடுப்பு முழுவதையும் கருக்கினார், அவருடைய சம்சாரம் வாசலில் உட்கார்ந்து அழுதார். என் வகுப்புக்கும் அதிகாரி வந்தார். ஏழும் எட்டும் பதினாறு என்று கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். முதல் பெஞ்சிலிருந்த ஒரு பெண் எழுந்து, "பதினைஞ்சு சார்" என்றாள். அதிகாரி அவள் பக்கம் திரும்பி, மிகவும் கனிவாக, "பேர் என்ன கண்ணு?" என்று கேட்டார். நான் ஓடிப்போய் அவளை உட்காரவைத்து, "அது மக்குப் பிள்ளை சார், குருட்டாம்போக்குல சொல்லுது" என்றேன். என்னைப் போலி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பெண்ணின் பெற்றோரிடம் நானே போய், கொஞ்ச நாளைக்குத் தப்பாகவே சொல்லப் பழக்குங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

இப்போது சுவர் எழும்பிவிட்டது. ஊரில் எதுவும் சரியாக நடப்பதில்லை, யாரும் குறை சொல்வதுமில்லை. சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்துகொண்டு தப்பாகச் செய்கிறோம். எலக்ட்ரீஷியன் இன்னும் ஏணியில்தான் நிற்கிறார்.

போன வாரம் மத்தியானம் குழாய்க்காரர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் குழாய் ஒழுகி நான் பார்த்ததே இல்லை. சொட்டு விழும்போதெல்லாம் அவர் கண் இமை அடித்தது. சத்தம் தெருவுக்குக் கேட்கட்டும் என்று அவர் மனைவி அடியில் ஒரு பித்தளைக் குடத்தை வைத்திருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே எண் எழுதும் அம்மாள் வந்து நின்றார். கையில் தூரிகைப் பெட்டி.

"தம்பி, ஒழுகுதா?"

"ஒழுகுதும்மா."

"நல்லது. அடைக்கணும்னு தோணுதா?"

குழாய்க்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அடைக்கத் தெரியாதும்மா."

அந்த அம்மாள் சற்று நேரம் சொட்டைக் கேட்டுவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தார். காலடிச் சத்தம் தேய்ந்தது. குழாய்க்காரர் எழுந்து போய், குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். குடத்தில் சத்தம் நின்றது. எவ்வளவோ நாளைக்கப்புறம் அவர் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன்.

"கையை எடுங்க" என்றார் அவர் மனைவி. "எடுங்கன்னு சொல்றேன்ல."

அவர் எடுக்கவில்லை. நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.